பசியும் உரிமையும்

நுழையும்முன்

பசியால் வாடிய மக்களை வரலாறு எல்லா நாடுகளிலும் கண்டிருக்கிறது. மன்னராட்சியை வீழ்த்திய மக்களை அது அரிதாகவே கண்டிருக்கிறது. துன்பம் மட்டுமே புரட்சிக்குப் போதுமெனில் ஒவ்வொரு பஞ்சமும் ஒரு புரட்சியில் முடிந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. 1789இல் பிரான்சு நாட்டில் மட்டும் அது நிகழ்ந்தது எவ்வாறு? கடன், வரி, ரொட்டி விலை, புதிய சிந்தனை ஆகிய பல இழைகள் ஒன்றாய் முறுக்கேறிய கதையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு நாட்குறிப்பும் ஒரு கோட்டையும்

1789ஆம் ஆண்டு ஜூலை 14. பாரிஸ் நகரின் கிழக்கே எட்டுக் கோபுரங்களுடன் உயர்ந்து நின்ற பாஸ்டில் கோட்டையை மக்கள் சூழ்ந்தனர். தச்சர், கொல்லர், கடைக்காரர், கூலித்தொழிலாளர் எனப் பல தொழில் செய்வோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். மாலைக்குள் கோட்டை வீழ்ந்தது. அதற்காக ஏறத்தாழ நூறு பேர் உயிர் கொடுத்தனர். உள்ளே இருந்த கைதிகள் எழுவர் மட்டுமே. எனினும் விசாரணையின்றி மன்னரின் முத்திரை மடல் ஒன்றினாலேயே எவரையும் அடைத்துவைக்க உதவிய சிறை அது. ஆகவே, அதன் வீழ்ச்சியை மன்னரது வரம்பற்ற அதிகாரத்தின் வீழ்ச்சியாகவே மக்கள் கண்டனர்.

பாரிசிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில், வெர்செய்ல்ஸ் அரண்மனையில் இருந்த மன்னர் பதினாறாம் லூயி, அன்றைய நாட்குறிப்பில் எதுவும் இல்லை எனப் பொருள்படும் ஒற்றைச் சொல்லை எழுதினார். பெரும்பாலும் வேட்டைக் கணக்காகவே அவர் பேணிவந்த குறிப்பு அது. அன்று வேட்டை இல்லை என்பதே அச்சொல்லின் பொருள். அதை எழுதியமைக்காக மன்னரைக் கொடியவர் எனக் கருதுதல் பொருந்தாது. ஆயினும் அரண்மனைக்கும் தெருவுக்கும் இடையில் இருந்த தொலைவு இருபது கிலோமீட்டரை விடப் பன்மடங்கு பெரிது என்பதை அந்த ஒரு சொல் உணர்த்திவிடுகிறது.

மூன்று பிரிவினர்

புரட்சிக்கு முந்தைய பிரான்சின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம். இம்மக்கள் சட்டத்தின் முன் மூன்று பிரிவினராகப் பகுக்கப்பட்டிருந்தனர். மதகுருமார் முதற்பிரிவினர், பிரபுக்கள் இரண்டாம் பிரிவினர், எஞ்சிய அனைவரும் மூன்றாம் பிரிவினர். முதலிரு பிரிவினரையும் சேர்த்து எண்ணினாலும் நூற்றுக்கு இருவர் அல்லது மூவருக்கு மேல் வாரார்.

எண்ணிக்கையில் சிறியவராயினும் உடைமையிலும் உரிமையிலும் அவர்களே பெரியவர்கள். நாட்டின் நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்கு உரியதாய் இருந்தது. பிரபுக்களிடம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலம் இருந்தது. உயர் அரசுப் பதவி, படைத்தலைமை, அரசவைச் செல்வாக்கு ஆகியனவும் அவர்கள்பால் குவிந்திருந்தன. 1781இல் வெளியான ஓர் ஆணை, நான்கு தலைமுறைப் பிரபுத்துவத்தை மெய்ப்பிக்க இயலாதவர்க்குப் படை அதிகாரிப் பதவியின் வாயிலை அடைத்தது. ஆற்றலால் உயர விரும்பிய இளைஞர்களுக்குப் பிறப்பே தடையாயிற்று.

இப்பிரிவுகளுள்ளும் ஏற்றத்தாழ்வுகள் இருந்தன. பேராயர்கள் பிரபுக் குடும்பங்களிலிருந்து வந்து செல்வத்தில் திளைத்தனர். சிற்றூர்ப் பங்குக் குருக்களோ தம் மக்களைப் போலவே வறுமையில் வாழ்ந்தனர். மூன்றாம் பிரிவில் உழவர், கைவினைஞர், கூலியாட்கள் ஆகியோருடன் வழக்கறிஞர், மருத்துவர், வணிகர், வங்கியாளர் ஆகியோரும் இருந்தனர். பிரபுக்களைவிட மிகுந்த செல்வம் படைத்த வணிகர் சிலரும் அப்பிரிவில் உண்டு. கல்வியும் பொருளும் இருந்தும் மதிப்பு மறுக்கப்பட்ட இந்நடுத்தர வகுப்பினரின் மனக்குறை, பின்னர் உழவரின் பசியோடு கைகோத்தது.

உழைப்பவர்மீது வரி

மிகுதியாக உடையவர் மிகுதியாகச் செலுத்துவதே வரியின் அறம். பிரான்சில் இவ்வறம் தலைகீழாயிற்று. டெய்லே எனப்பட்ட நேரடி வரியிலிருந்து மதகுருமாரும் பிரபுக்களும் விலக்குப் பெற்றிருந்தனர். அனைவருக்கும் பொதுவென விதிக்கப்பட்ட வரிகளிலும் செல்வாக்கினால் தம் பங்கைக் குறைத்துக்கொண்டனர். திருச்சபை வரிக்கு மாற்றாகத் தானே தீர்மானித்த ஒரு தொகையை நன்கொடை என்ற பெயரில் அரசுக்கு அளித்துவந்தது.

உழவரின் நிலை வேறு. அவர் அரசுக்கு டெய்லே செலுத்தினார். திருச்சபைக்கு விளைச்சலில் ஒரு பங்கை அளித்தார். நிலப்பிரபுவுக்கு நிலமானிய முறைப்படியான கட்டணங்களைக் கொடுத்தார். பல ஊர்களில் பிரபுவின் ஆலையிலேயே மாவு அரைக்கவும், அவரது அடுப்பிலேயே ரொட்டி சுடவும், அவரது செக்கிலேயே திராட்சை பிழியவும் கட்டாயம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு. வேட்டை, பிரபுவுக்கு மட்டுமே உரிய உரிமை. அவரது புறாக்களும் முயல்களும் விதைத்த வயலை மேய்ந்தாலும் அவற்றைக் கொல்ல உழவருக்கு உரிமையில்லை. இவற்றுக்கும் மேலாகச் சாலை அமைக்கக் கூலியின்றி உழைக்கும் கார்வி என்னும் கட்டாய வேலையும் அவர் தலைமேல் விழுந்தது.

அனைத்திலும் மக்கள் மிகுதியாக வெறுத்தது காபெல்லே எனப்பட்ட உப்புவரியே. வடபகுதியின் பெரும்பாலான மாநிலங்களில் எட்டு வயதைக் கடந்த ஒவ்வொருவர் பெயராலும் ஆண்டுதோறும் குறித்த அளவு உப்பை அரசுக் கிடங்கிலிருந்து வாங்கியே தீர வேண்டும். உப்பின் விலை மாநிலத்திற்கு மாநிலம் பெரிதும் வேறுபட்டது. விலை குறைந்த பகுதியிலிருந்து கூடிய பகுதிக்கு உப்பைக் கடத்தி அகப்பட்டவர்கள் கடுந்தண்டனை பெற்றனர். இவ்வரியைத் திரட்டும் பணி குத்தகையாகத் தனியாரிடம் விடப்பட்டது. குத்தகைதாரர்கள் செல்வத்தில் கொழித்தனர். வரியேய்ப்பைத் தடுக்க 1780களில் பாரிஸ் நகரைச் சுற்றி அவர்கள் சுங்கச் சுவர் எழுப்பினர். பாஸ்டில் வீழ்வதற்கு முந்தைய இரு நாள்களில் அச்சுவரின் சுங்கச் சாவடிகளுக்கே மக்கள் முதலில் தீயிட்டனர்.

கடனில் மூழ்கிய கருவூலம்

பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் பிரான்சும் இங்கிலாந்தும் உலகின் பல பகுதிகளில் போரிட்டன. 1756 முதல் 1763 வரை நிகழ்ந்த ஏழாண்டுப் போர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்ததோடு தமிழ் மண்ணிலும் நடந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலியின் தலைமையிலான பிரெஞ்சுப் படை தோற்றது. மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கனடாவையும் இழந்து, பெருங்கடனுடன் பிரான்சு அப்போரிலிருந்து மீண்டது.

அத்தோல்விக்கு ஈடுகட்ட விரும்பிய பிரான்சு, 1778 முதல் அமெரிக்க விடுதலைப் போரில் குடியேற்ற மக்களின் பக்கம் நின்றது. வெற்றியும் கிட்டியது. ஆனால், அதற்கு நூறு கோடி லிவருக்கும் மேற்பட்ட பணம் செலவாயிற்று. அதில் பெரும்பகுதி கடனாகத் திரட்டப்பட்டது. மன்னராட்சிக்கு எதிராகப் போராடிய மக்களுக்கு ஒரு மன்னர் அளித்த உதவி, அவரது கருவூலத்தையே வெறுமையாக்கியது. அப்போரில் பங்கேற்றுத் திரும்பிய பிரெஞ்சு வீரர்களும் அதிகாரிகளும் மன்னரில்லாத நாடு ஒன்று இயங்க முடியும் என்பதை நேரில் கண்டு வந்தனர்.

1788இல் அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி, பழைய கடனையும் வட்டியையும் கட்டுவதற்கே போயிற்று. அரசியார் மேரி அண்டாய்னெட்டின் அணிமணிகளும் விருந்துகளுமே நாட்டைத் திவாலாக்கின எனத் தெருவெங்கும் பேசப்பட்டது. உண்மையில் அரண்மனைச் செலவு மொத்தச் செலவில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவே. எனினும் பசித்த மக்களின் கண்ணுக்குப் போர்க்கடன் தெரிவதில்லை; ஒளிரும் அரண்மனையே தெரிந்தது.

இங்கிலாந்தும் அக்காலத்தில் பெருங்கடன் பட்ட நாடே. அங்கே வரிவிதிக்க நாடாளுமன்றத்தின் இசைவு பெறப்பட்டது. பிரபுக்களும் வரி செலுத்தினர். அதனால் அரசை நம்பிக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கப் பலர் முன்வந்தனர். பிரான்சில் செல்வம் இருந்தது. அச்செல்வத்தின்மீது வரிவிதிக்கும் ஆற்றல் அரசுக்கு இல்லை. ஆகவே, பிரான்சின் கடன் நெருக்கடி அடிப்படையில் சிறப்புரிமைகளால் விளைந்த நெருக்கடியே ஆகும்.

தெரியுமா?

மைசூர் மன்னர் திப்பு சுல்தான், ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சு உதவியை நாடித் தூதர்கள் மூவரை அனுப்பினார். 1787 ஜூலையில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய அவர்கள் 1788 ஆகஸ்டில் வெர்செய்ல்ஸ் அரண்மனையில் பதினாறாம் லூயியைக் கண்டனர். வரவேற்பு சிறப்பாக நடந்தது. கேட்ட படையுதவி கிட்டவில்லை. கடன்களுக்கான தொகையை முழுமையாகக் கொடுக்க இயலாதெனப் பிரெஞ்சுக் கருவூலம் அறிவித்ததும் அதே மாதத்தில்தான்.

அடைபட்ட சீர்திருத்த வழிகள்

நோயை அறிந்த அமைச்சர்கள் பிரான்சில் இருந்தனர். 1774இல் நிதிப்பொறுப்பேற்ற டர்கோ, கார்வி என்னும் கட்டாய வேலையை நீக்கி, அதற்கு மாற்றாக நிலவுடைமையாளர் அனைவரிடமும் வரி பெற முயன்றார். சிறப்புரிமை பெற்றோர் எதிர்த்தனர். 1776இல் அவர் பதவி இழந்தார். கட்டாய வேலை மீண்டும் வந்தது. அவருக்குப் பின் வந்த நெக்கர் புதுவரி விதிக்காமல் கடன் வாங்கியே போரை நடத்தினார். 1781இல் அரசின் வரவு செலவுக் கணக்கை அவர் முதன்முறையாக அச்சிட்டு வெளியிட்டார். போர்ச்செலவை மறைத்த கணக்கு அது. எனினும் மன்னரின் கணக்கைக் குடிமக்கள் படித்து வாதிடலாம் என்னும் பழக்கத்தை அது தொடங்கிவைத்தது.

அடுத்து வந்த கலோன், நிலம் உடையோர் எவராயினும் வரி செலுத்த வேண்டும் என்னும் திட்டத்தை வகுத்தார். இதற்கு ஒப்புதல் பெற 1787 பிப்ரவரியில் பெருமக்கள் அவை கூட்டப்பட்டது. தம்மீதே வரிவிதிக்கும் திட்டத்தை அவ்வவையினர் ஏற்க மறுத்தனர். கலோன் நீக்கப்பட்டார். அவரைத் தொடர்ந்து வந்த பிரியென் ஏறத்தாழ அதே திட்டத்தைப் பாரிஸ் உயர்நீதி மன்றத்தின் முன் வைத்தார். அரச ஆணைகளைப் பதிவு செய்யும் அதிகாரம் பெற்றிருந்தது அம்மன்றம். புதுவரிக்கு இசைவு தரும் உரிமை மூன்று பிரிவினரின் பேரவையாகிய ஸ்டேட்ஸ் ஜெனரலுக்கே உண்டு என அது கூறிவிட்டது. அப்பேரவை இறுதியாகக் கூடியது 1614இல்.

நீதிபதிகளும் பிரபுக்களே, தம் சலுகைகளைக் காப்பதும் அவர்களது நோக்கம். ஆயினும் மக்களின் இசைவின்றி வரியில்லை என்று அவர்கள் உரைத்தபோது மக்கள் அவர்களைத் தம் பாதுகாவலராகப் போற்றினர். 1788 ஜூன் 7இல் கிரெனோபிள் நகர மக்கள், தம் நீதிமன்றத்தைக் கலைக்க வந்த படைவீரர்கள்மீது வீட்டுக் கூரைகளில் ஏறி ஓடுகளை எறிந்தனர். வேறு வழியின்றி மன்னர் ஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்ட இசைந்தார். தம் சலுகையைக் காக்கப் பிரபுக்கள் திறந்த கதவு, அச்சலுகைகளை அழிக்கப்போகும் மக்களுக்கும் வழிவிட்டது.

சிந்தனையின் விளைநிலம்

அதே நூற்றாண்டில் அரசு, மதம், சமூகம் ஆகியவற்றைப் பகுத்தறிவின் துணையால் ஆராயும் சிந்தனையாளர்கள் தோன்றினர். மாண்டெஸ்கியூ 1748இல் வெளியான தம் நூலில் சட்டமியற்றும் அதிகாரமும் ஆளும் அதிகாரமும் நீதி வழங்கும் அதிகாரமும் ஒருவரிடமே குவிதல் ஆகாது என விளக்கினார். வால்டேர் மத வெறியையும் நீதியற்ற தண்டனைகளையும் சாடினார். ரூசோ 1762இல் வெளியான சமூக ஒப்பந்தம் என்னும் நூலில் அரசின் அதிகாரம் மக்களின் பொதுவிருப்பத்திலிருந்தே பிறக்கிறது என வாதிட்டார். டிடெரோ முதலியோர் தொகுத்த கலைக்களஞ்சியம் அறிவைப் பல தொகுதிகளில் திரட்டித் தந்தது.

உழவர்களுள் பெரும்பாலோர் இந்நூல்களைப் படித்திலர். ஆனால், சிற்றூர்களின் சார்பில் பேசிய வழக்கறிஞர்களும் இளங்குருக்களும் படித்திருந்தனர். காப்பிக் கடைகளிலும் வாசிப்பு மன்றங்களிலும் துண்டு வெளியீடுகள் உரக்கப் படிக்கப்பட்டன. 1789 ஜனவரியில் வெளியான அபே சியேஸின் சிறுநூல், மூன்றாம் பிரிவினரே நாட்டினம் என்று நிறுவியது. மன்னரின் கருணையால் குறைகள் தீர வேண்டும் என இரந்து நின்ற காலம் மாறி, குறை தீர்வது எங்கள் உரிமை என்று கூறும் மொழி பரவலாயிற்று.

எட்டாத ரொட்டி

பிரெஞ்சு ஏழைமக்களின் முதன்மை உணவு ரொட்டி. நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு கோடியைச் சற்றே கடந்திருந்த மக்கள்தொகை பெருகியது. விளைச்சல் அதற்கேற்பப் பெருகவில்லை. விலை உயர்ந்த அளவுக்குக் கூலி உயரவில்லை. 1786இல் இங்கிலாந்துடன் செய்துகொண்ட வணிக உடன்படிக்கையால் விலை குறைந்த ஆங்கிலத் துணிகள் வந்து குவிய, நெசவாளர் பலர் வேலையிழந்தனர்.

இந்நிலையில் 1788 ஜூலை 13இல் பெரும் ஆலங்கட்டி மழை நாட்டின் வளமான வயல்களைச் சிதைத்தது. விளைச்சல் பொய்த்தது. தொடர்ந்து வந்த குளிர்காலமோ மிகக் கடுமையானது. ஆறுகள் உறைந்தமையால் நீராற்றலால் இயங்கிய மாவு ஆலைகளும் நின்றன. பாரிசில் நான்கு ராத்தல் எடையுள்ள ரொட்டி 1788 கோடையில் 8 அல்லது 9 சூவுக்கு விற்றது. 1789 பிப்ரவரியில் 14.5 சூவாக உயர்ந்தது. எளிய தொழிலாளியின் நாட்கூலியோ 20 முதல் 30 சூ அளவே. ஒரு குடும்பத்திற்கு நாளொன்றுக்கு இத்தகைய ரொட்டி ஒன்றுக்குக் குறையாமல் தேவைப்பட்டது. அதை வாங்கியபின் வாடகைக்கும் விறகுக்கும் துணிக்கும் எஞ்சியது மிகச் சிறிதே.

எனினும் ஓர் உண்மையை இங்கு நினைவில் கொள்ளல் வேண்டும். 1775ஆம் ஆண்டிலும் தானிய விலை ஏறியது. மக்கள் சந்தைகளையும் கிடங்குகளையும் சூழ்ந்தனர். மாவுப் போர் என வரலாற்றில் பெயர்பெற்ற அக்கிளர்ச்சியை அரசு படைகொண்டு சில வாரங்களில் அடக்கியது. நாட்டின் அமைப்பு எவ்வகையிலும் மாறவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே பசி வேறு விளைவைத் தந்தது எனில், இடையே வேறொன்று மாறியிருத்தல் வேண்டும்.

தெரியுமா?

ரொட்டியில்லை என்று மக்கள் அழுதபோது அதைவிட உயர்ந்த பண்டத்தை உண்ணச் சொன்னார் மேரி அண்டாய்னெட் என்று ஒரு கதை வழங்குகிறது. இதற்குச் சான்று இல்லை. பெயர் சுட்டப்படாத ஓர் இளவரசியைப் பற்றி இத்தகைய கதையை ரூசோ தம் வரலாற்று நூலில் எழுதியபோது, மேரி அண்டாய்னெட் ஆஸ்திரியாவில் வாழ்ந்த சிறுமி. மக்கள் எவரை வெறுக்கின்றனரோ அவரைச் சுற்றியே கதைகள் பிறக்கும் என்பதற்கு இது சான்று.

குறையேடுகள்

அவ்வாறு மாறிய ஒன்று, அரசே செய்த ஒரு செயலால் விளைந்தது. ஸ்டேட்ஸ் ஜெனரலுக்குப் பேராளர்களைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு 1789இன் முதல் மாதங்களில் நாடெங்கும் கூட்டங்கள் நடந்தன. ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு தொழிற்குழுவும் தத்தம் குறைகளை எழுதி அனுப்புமாறு மன்னர் பணித்தார். ஊர்களில் பெரும்பாலும் தேவாலயத்தில் கூட்டம் கூடியது. வரிப்பட்டியலில் இடம்பெற்ற, இருபத்தைந்து வயது நிறைந்த ஆடவர் அதில் பங்கேற்றனர். எழுதத் தெரிந்த ஒருவர் எழுத, மற்றவர் எடுத்துரைத்தனர். இவ்வாறு ஏறத்தாழ அறுபதாயிரம் குறையேடுகள் உருவாயின.

அவற்றுள் மிகப் பலவும் மன்னர்மீது பற்றுடனேயே எழுதப்பட்டவை. மன்னராட்சியை ஒழிக்க வேண்டும் என்று ஊரார் கேட்கவில்லை. உப்புவரி நீங்க வேண்டும்; பிரபுக்களும் வரி செலுத்த வேண்டும்; வயலை அழிக்கும் முயல்களையும் புறாக்களையும் தடுக்க வேண்டும்; ஆலைக்கட்டணம் ஒழிய வேண்டும் என்பன போன்ற அன்றாட வாழ்வின் குறைகளே அவற்றில் நிறைந்திருந்தன. மன்னர் உண்மையை அறியார். அறிந்தால் தீர்ப்பார் என அவர்கள் நம்பினர்.

இந்நம்பிக்கையே பெரும் மாற்றத்தின் வித்து. அதுவரை ஒவ்வோர் உழவரும் தம் துன்பத்தைத் தம் தலைவிதியாகக் கருதியிருக்கலாம். ஊர்க்கூட்டத்தில் அமர்ந்து பேசியபோது அண்டை வீட்டாரின் துன்பமும் அதுவே என்பது தெரிந்தது. அண்டை ஊரின் ஏடும் அதையே கூறியது. எழுதி, உரக்கப் படித்து, ஒப்பமிட்டு அனுப்பிய ஒரு குறையை மீண்டும் விதியென ஏற்பது எளிதன்று. குறையைக் கேட்ட அரசு விடை தரவும் கடமைப்பட்டது. நாடு முழுவதும் அவ்விடைக்காகக் காத்திருந்தது.

தலைக்கு ஒரு வாக்கா, பிரிவுக்கு ஒரு வாக்கா?

1789 மே 5இல் ஸ்டேட்ஸ் ஜெனரல் வெர்செய்ல்ஸில் கூடியது. மூன்றாம் பிரிவினரின் பேராளர் எண்ணிக்கை இருமடங்காக்கப்பட்டு ஏறத்தாழ அறுநூறு ஆகியிருந்தது. ஏனைய இரு பிரிவினர்க்கும் தனித்தனியே ஏறத்தாழ முந்நூறு. பழைய வழக்கப்படி ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வாக்கு எனில், முதலிரு பிரிவுகளும் இணைந்து மூன்றாம் பிரிவை எப்போதும் தோற்கடிக்கும். தலைக்கு ஒரு வாக்கு எனில் நிலைமை மாறும். 1614ஆம் ஆண்டு முறையே தொடர வேண்டும் எனப் பாரிஸ் உயர்நீதி மன்றம் முந்தைய செப்டம்பரில் அறிவித்திருந்தது. அந்த ஒரே அறிவிப்பால் மக்களிடம் அது பெற்றிருந்த புகழ் அழிந்தது.

அரசு இவ்வினாவுக்குத் தெளிவான விடை கூறவில்லை. ஆறு வாரங்கள் வாதத்தில் கழிந்தன. ஜூன் 17இல் மூன்றாம் பிரிவினர் தம்மைத் தேசியப் பேரவை என அறிவித்துக்கொண்டனர். ஜூன் 20இல் தம் மன்றம் பூட்டப்பட்டிருக்கக் கண்டு, அருகிலிருந்த டென்னிஸ் விளையாட்டுக் கூடத்தில் கூடினர். அரசமைப்பை உருவாக்கும்வரை கலைவதில்லை என உறுதி பூண்டனர். பங்குக் குருக்கள் பலர் தம் பேராயர்களை விட்டு அவர்களுடன் இணைந்தனர். மன்னர் பேரவையை ஏற்பது போலத் தோன்றினார். ஆனால், பாரிசைச் சுற்றிப் படைகள் குவிந்தன. ஜூலை 11இல் மக்களின் நம்பிக்கைக்குரிய நெக்கர் நீக்கப்பட்டார்.

ரொட்டி விலை உச்சத்தில் இருந்த நாள்கள் அவை. பசியால் வாடியவர்க்கும் பேரவையை நம்பியவர்க்கும் பகைவர் ஒருவரே எனத் தோன்றிய தருணமும் அதுவே. ஜூலை 14 காலையில் மக்கள் படைவீரர் இல்லம் ஒன்றிலிருந்து துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, வெடிமருந்து தேடிப் பாஸ்டிலை நோக்கி நடந்தனர்.

காரணங்களை எடைபோடுதல்

ஒரு பெருநிகழ்வுக்கு ஒற்றைக் காரணம் கூறுவது எளிது. ஆயினும் அது உண்மையை முழுமையாகக் காட்டாது. பிறப்பின் அடிப்படையிலான சிறப்புரிமையும் நேர்மையற்ற வரியும் பல தலைமுறைகளாக நீடித்த காரணங்கள். போர்க்கடனும் சீர்திருத்தத் தோல்வியும் அரசை வலுவிழக்கச் செய்த இடைக்காலக் காரணங்கள். பொய்த்த விளைச்சலும் ரொட்டி விலையும் நெக்கரின் நீக்கமும் உடனடிக் காரணங்கள். இவற்றுள் எதுவும் தனித்து நின்று புரட்சியை உருவாக்கியிருக்க இயலாது. மாவுப் போரில் பசி இருந்தது. அதனை உரிமையாகப் பேசும் அவை இல்லை. கிரெனோபிளில் எதிர்ப்பு இருந்தது. அது நாடு தழுவியதாக இல்லை. 1789இல் இவை அனைத்தும் ஒரே வேளையில் கூடின. தம் குறையைக் கூறுமாறு அழைக்கப்பட்ட மக்கள், அக்குறை கேட்கப்படாதபோது எழுந்தனர்.

1789 ஆகஸ்டு 4 இரவில் தேசியப் பேரவை நிலமானியச் சிறப்புரிமைகளை ஒழிப்பதாக அறிவித்தது. ஆகஸ்டு 26இல் மனித, குடிமக்கள் உரிமைகளின் பிரகடனத்தை ஏற்றது. அக்டோபர் 5இல் பாரிஸ் நகரப் பெண்கள் ரொட்டி வேண்டி மழையில் வெர்செய்ல்ஸ் வரை நடந்து சென்று, மறுநாள் மன்னர் குடும்பத்தைப் பாரிசுக்கே அழைத்து வந்தனர். 1792 செப்டம்பரில் மன்னராட்சி ஒழிக்கப்பட்டது. 1793 ஜனவரி 21இல் மன்னர் கொலைத்தண்டனைக்கு ஆளானார். தொடர்ந்து வந்த பயங்கர ஆட்சியில் குற்றமற்ற பலரும் மடிந்தனர். வெர்செய்ல்ஸுக்கு நடந்த பெண்களுக்கு வாக்குரிமை கிட்டவில்லை. உரிமைப் பிரகடனத்திற்குப் பின்னும் பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதிகளில் அடிமைமுறை சில ஆண்டுகள் நீடித்தது. தன் சொற்களுக்கு ஏற்பப் புரட்சி முழுமையாக நடந்துகொள்ளவில்லை.

ஆயினும் அச்சொற்கள் அழியவில்லை. ஆள்வோரின் அதிகாரம் ஆளப்படுவோரிடமிருந்தே வருகிறது என்னும் கருத்து இன்று மக்களாட்சி நாடுகளின் அரசமைப்புகளில் நிலைபெற்றுள்ளது. அக்கருத்தை நூல்களில் எழுதியவர்கள் சிந்தனையாளர்கள். குளிர்ந்த தேவாலயத்தில் கூடி, முயல் மேய்ந்த வயலையும் உப்பின் விலையையும் ஏட்டில் எழுதச் செய்த பெயர் தெரியாத உழவர்களே அதற்கு உயிரூட்டினர்.

சொல்லும் பொருளும்

ஸ்டேட்ஸ் ஜெனரல் – மூன்று பிரிவினரின் பேராளர்கள் கூடும் பேரவை
டெய்லே – மூன்றாம் பிரிவினர் செலுத்திய நேரடி வரி
காபெல்லே – உப்புவரி
கார்வி – கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலை
குறையேடு – மக்கள் தம் குறைகளை எழுதி அனுப்பிய ஏடு
லிவர், சூ – அக்காலப் பிரெஞ்சு நாணய அலகுகள். 20 சூ கொண்டது 1 லிவர்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் மக்கள் ஒரு குறையேடு எழுதினால் அதில் இடம்பெறக்கூடிய ஐந்து குறைகளைப் பெரியோரிடம் கேட்டறிந்து தொகுத்து எழுதுக.
2. 'பசியே புரட்சிக்குக் காரணம்' – 'சிந்தனையே புரட்சிக்குக் காரணம்' என இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஸ்டேட்ஸ் ஜெனரல் 1789க்கு முன் இறுதியாகக் கூடிய ஆண்டு
அ) 1761 ஆ) 1614 இ) 1775 ஈ) 1748

2. பொருத்துக.
அ) டர்கோ – 1) பெருமக்கள் அவை
ஆ) கலோன் – 2) கட்டாய வேலை நீக்க முயற்சி
இ) நெக்கர் – 3) அச்சிட்ட வரவு செலவுக் கணக்கு

குறுவினா

1. பாஸ்டில் கோட்டையின் வீழ்ச்சியை மக்கள் பெரிதாகக் கருதியது ஏன்?
2. காபெல்லே வரியை மக்கள் வெறுத்தமைக்கான காரணங்கள் இரண்டனை எழுதுக.

சிறுவினா

1. இங்கிலாந்தின் கடனும் பிரான்சின் கடனும் வெவ்வேறு விளைவுகளைத் தந்தமைக்கான காரணத்தை விளக்குக.
2. தம் சலுகைகளைக் காக்க முயன்ற பிரபுக்களே புரட்சிக்கு வழிவகுத்தனர் – இக்கூற்றைச் சான்றுடன் நிறுவுக.

நெடுவினா

1775இல் அடங்கிய பசி, 1789இல் புரட்சியாக மாறியமைக்கான காரணங்களைப் பாடப்பகுதி கொண்டு விரிவாக ஆராய்க.